வரிசையில் மூன்றாவது

எங்கள் மருத்துவமனைப் பதிவு அறையில் அவளுக்குப் பெயர் ‘பூஜ்யம்’. நான் வைத்த பெயர்தான். நோயாளி எண்ணின் முன்னால் நிற்கும் பூஜ்யங்களைக் கணினியின் எக்செல் ஷீட் விழுங்கிவிடும். இவள் ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து மறுபடி உட்கார வைப்பாள். முன்னால் நிற்கிற பூஜ்யத்துக்கு இப்படி மரியாதை செய்த பெண்ணை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

அவளுக்கு இருந்ததெல்லாம் ஒரு தம்பி. லிஃப்ட் மெக்கானிக். நாலு வருடமாக வாரத்துக்கு மூன்று நாள் எங்கள் கீழ்த்தளத்திலேயே டயாலிசிஸ். அவள் தன் சிறுநீரகத்தைக் கொடுக்கத் தயாராக இருந்தாள், பொருந்தவில்லை. எனவே அவனும் காத்திருப்போர் பட்டியலில் ஒரு வரி.

அந்தப் பட்டியலைப் புதிய மென்பொருளில் ஏற்றும் வேலை அவள் தலையில் விழுந்தது. ஏற்றினால், பதிவுத் தேதி இருந்த இடத்தில் ‘இது தேதி அல்ல’ என்று இருநூறு வரிகளைச் சிவப்பாக்கித் துப்பியது. மூன்று நாள் காகிதக் கோப்புகளைப் புரட்டி அந்த இருநூறுக்கும் மாதத்தை எழுத்தில் போட்டுத் திருத்தினாள். அடுத்த முறை ஒரு சிவப்பும் இல்லை.

“எரர் எதுவும் இல்லல்ல? அப்புறம் என்ன, ஓடட்டும்” என்றார் மேலாளர். அவருக்குச் சிவப்பு இல்லையென்றால் உலகமே பச்சை.

ரத்த வகைப்படி வரிசை எண் அன்றுதான் முதன்முதலாகத் திரையில் வந்தது. தம்பி மூன்றாவது. அவனிடம் சொல்ல லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியில் இறங்கி ஓடினாள்.

நாலாம் நாள் என்னைக் கூப்பிட்டாள். முகத்தில் ஈயாடவில்லை.

“அக்கா, துப்பின வரியெல்லாம் பாருங்க. பன்னண்டுக்கு மேல உள்ள தேதிங்க மட்டும்தான்.”

எனக்குப் புரியச் சற்று நேரமானது. நாங்கள் தேதியை நாள், மாதம் என்ற வரிசையில் எழுதுகிறவர்கள். மென்பொருளோ முதல் எண்ணை மாதமாக எடுத்துக்கொண்டது. பதிமூன்றாம் மாதம் கிடையாது, அதனால் அலறியது. பன்னிரண்டு வரை உள்ளவற்றைச் சத்தமில்லாமல் தலைகீழாக்கி உள்ளே விட்டது. குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள். குரைத்த இருநூறையும் நாங்கள் பார்த்தோம், கடித்தது மற்றது.

தம்பி பதிவு செய்தது 2-11. நவம்பர் இரண்டு, பிப்ரவரி பதினொன்றாகியிருந்தது. கிட்டத்தட்ட ஒன்பது மாதம் முன்னால் தள்ளியிருந்தது. உண்மையில் அவன் பதினேழாவது.

“யாருக்குத் தெரியப்போகுது? பேசாம விட்டுடு” என்றேன். சொன்னதற்கு இன்றும் நான் வெட்கப்படவில்லை.

“பதினாலு பேரைத் தாண்டி வந்து நிக்கிறான்க்கா. மத்தவங்க தேதியெல்லாம் திருத்திட்டு இவனோடதை மட்டும் எப்படி விடறது?”

மேலாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அன்று மதியமே முழுப் பட்டியலையும் நாள், மாதம் என்ற வரிசையில் படிக்க வைத்து மறுபடி ஏற்றினாள். எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது.

“வீட்ல சொல்லிட்டியா?” என்று மறுநாள் கேட்டேன்.

“வாய் வரலக்கா. நாலு நாளா ஒழுங்கா சாப்பிடறான். ஷேவ் பண்ணியிருக்கான்.”

சொல்லவே இல்லை. ஒரு பூஜ்யம் தவறினால் தூங்காதவள், ஏழு மாதம் தினமும் வீட்டில் பொய் சொன்னாள். “இப்ப எத்தனாவது?” என்பானாம். “மூணுதான்டா” என்பாளாம். அலுவலகத்தில் தினமும் காலையில் உண்மையான எண்ணைப் பார்ப்பாள். பதினாறு. பதினாலு. அதற்கப்புறம் பல வாரம் பதினொன்று.

ஏழாம் மாதம் கிருமித் தொற்று வந்து தம்பியைத் தீவிர சிகிச்சையில் சேர்த்தார்கள். நானும் கூடப் போயிருந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க வாங்கப் பேசினான்.

“அந்த ரெண்டு பேருக்கும் இன்னும் கிடைக்கலியாக்கா? பாவம், என்னைவிட ரொம்ப நாளா காத்துக்கிட்டிருக்காங்க.”

“கிடைச்சிடும்டா” என்றாள்.

மறுநாள் காலை இறந்தான். பட்டியலில் அன்றும் பதினோராவது.