நீலத்துறையில் பாடு பார்த்தவள்

பழவேற்காடு கடைத்தெருவில் வைஷ்ணவியின் கடைக்கு ஒரு போர்டு இருக்கிறது. அதை இதுவரை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஆதார் திருத்தமா, சாதிச் சான்றிதழா, மீன்பிடித் தடைக்கால நிவாரண மனுவா, ‘வைஷ்ணவிகிட்ட போ’ என்றால் முடிந்தது. அவளுக்குக் கை வேகம், வாய் அதைவிட வேகம். பிறந்த தேதி தெரியாமல் தலையைச் சொறிகிறவர்களிடம், “உங்க கூட நானா பொறந்தேன், என்னைக் கேட்டா?” என்பாள். திட்டு வாங்கியவர்களே மறுவாரம் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

மத்தியானம் இரண்டு முதல் நான்கு வரை கடைத்தெருவில் ஈ காக்கை இருக்காது. அப்போது வைஷ்ணவி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, இரண்டு கம்ப்யூட்டரில் நல்லதாக இருப்பதன் முன்னால் உட்கார்ந்து கேம் விளையாடுவாள். ஆமாம், முப்பத்தொரு வயதுப் பெண்தான், பால்வாடிக்குப் போகும் பிள்ளைக்குத் தாய்தான். விளையாடினால் என்ன? ஆம்பிளைகள் அதே நேரத்தில் மரத்தடியில் சீட்டாடினால் யாராவது கேட்கிறோமா?

அவள் விளையாடுவது ‘நீலத்துறை’ இரண்டாம் பாகம். படகெடுத்துப் போய் வலை போட்டு, பிடித்ததை விற்று, துறைமுகம் கட்டுகிற விளையாட்டு. அவள் பத்தாவது படிக்கும்போது வந்தது. பொன்னேரியில் மூடிய ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து நைனா வாங்கி வந்த பழைய கம்ப்யூட்டரில், அவளும் அண்ணன் விக்கியும் ஒரே கீபோர்டில் ஆடினார்கள். விக்கி படகை ஓட்டுவான், இவள் வலை போடுவாள். அப்புறம் மூன்றாம் பாகம் வந்தது, நான்காம் பாகமும் வந்தது. நான்காம் பாகத்தில் படகுக்கு இறக்கை வைத்துப் பறக்கவிட்டார்கள். படகு எதற்கையா பறக்க வேண்டும்? ஆனாலும் எல்லோரும் அங்கே ஓடினார்கள், இரண்டாம் பாகம் காற்று வாங்கியது.

போன வருடம்தான் அந்தக் கம்பெனிக்காரனுக்குப் புத்தி வந்தது. பதினைந்து வருடப் பழசான இரண்டாம் பாகத்துக்குப் புதிதாக ஒரு எக்ஸ்பேன்ஷன் விட்டான். கடலும் ஏரியும் சேர்கிற ஒரு முகத்துவாரம், புது மீன்கள், புது நீரோட்டம். அவ்வளவுதான், விட்டுப்போன ஆட்களெல்லாம் மூட்டை முடிச்சோடு திரும்பி வந்தார்கள். பிள்ளை குட்டி பெற்றவர்கள், தலை நரைத்தவர்கள், பட்டன் எது என்றே மறந்துபோனவர்கள் என்று ஒரே திருவிழாக் கூட்டம்.

வைஷ்ணவி அந்தக் கூட்டத்தில் தேடியது ஒரே ஒரு ஆளை. விக்கி அவளோடு பேசி ஐந்து வருடம் ஆகிறது.

நடந்தது இதுதான். ஏரியில் இறால் ஓடுகிற இடங்களைக் குப்பத்துக்காரர்கள் சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பேர். இன்றைக்கு ஒருவன் பாடு என்றால் அந்த இடத்தில் இன்னொருவன் வலை இறங்காது. வந்தவன் தள்ளி நின்று காத்திருப்பான். விக்கியின் பாடு வந்த நாளில் அதே குப்பத்துப் பூவரசன் வலை இறக்கிவிட்டான். நாள் கணக்கில் தப்புப் பண்ணிவிட்டேன் என்று ஊர்க்கூட்டத்தில் எல்லார் முன்னாலும் மன்னிப்பும் கேட்டான். ஊர் ஏற்றுக்கொண்டது, விக்கி ஏற்கவில்லை. ஆறு மாதம் கழித்து, பூவரசனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று வைஷ்ணவி வந்து நின்றாள்.

“எம்பாட்டுல வலை போட்டவன் எம்வூட்டுலயும் போட்டுட்டானே!” என்று விக்கி கத்தியது மூன்று தெருவுக்குக் கேட்டது. கல்யாணத்துக்கு நிற்காமல் பஹ்ரைனுக்கு மீன்பிடி வேலைக்குப் போனவன்தான். அம்மாவிடம் வாரம் தவறாமல் போனில் பேசுவான். அம்மா போனை இவளிடம் நீட்டினால், பட்டென்று கட்.

கேமில் விக்கியின் பழைய பெயரைத் தினமும் தேடிப் பார்த்தாள். அது இருண்டே கிடந்தது. ஊரெல்லாம் திரும்பி வந்த இடத்துக்கு இவன் மட்டும் வரமாட்டானாம், அவ்வளவு ரோஷம்! ஆனாலும் ‘இறால்’ என்று புதுப்பெயர் வைத்துக்கொண்டு முகத்துவாரத்துக்குள் படகை விட்டாள்.

அங்கேதான் அவள் பிழைக்கத் தெரியாதவள் ஆனாள். நல்ல நீரோட்டம் ஓடுகிற இடத்தில் ஏற்கெனவே ஒருவன் வலை போட்டிருந்தான். இவள் கை தானாகப் படகைத் தள்ளி நிறுத்தியது. அவன் எடுத்த பிறகு போடலாம் என்று காத்திருந்தாள். நீலத்துறையில் தள்ளி நிற்கிற படகு என்றால் கொள்ளைக்காரப் படகு என்று அர்த்தம். சுட்டு மூழ்கடித்தான். மறுநாள் வேறொருவன் மூழ்கடித்தான். மூன்றாம் நாளும் அதே கதைதான்.

நிவாரண மனுவுக்குப் பிரிண்ட் எடுக்க வந்த துளசிங்கம் இதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நாற்பது வருடம் ஏரியில் கிடந்தவர், அவருக்குப் பொறுக்கவில்லை.

“இன்னாமா இது, பாடு கீடு ஒண்ணும் இல்லாம இஷ்டத்துக்கு வலை போடுறானுங்க? காத்துக்கினு கீற பொண்ண வேற சுடுறானுங்க! இந்த ஊருக்குத் தலைவரு யாரு?”

“கம்பெனிக்காரன் அமெரிக்காவுல கீறான்ணா.”

“போன் போடு, நான் பேசுறேன்.”

அவரைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்குள் நான்காவது தடவையும் மூழ்கிவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் நீரோட்டத்தில் ‘மடவை’ என்ற பெயரில் ஒரு படகு வலை போட்டிருந்தது. இவள் வழக்கம்போலத் தள்ளி நின்று, சுடப்போகிறான் என்று காத்திருந்தாள். சுடவில்லை. வலையை நிதானமாகத் தூக்கினான், படகை ஒதுக்கினான். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் வந்து விழுந்தது: “வா. இப்ப உன் பாடு.”

வைஷ்ணவி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். மடவை மீனென்றால் விக்கிக்கு உயிர். வெள்ளிக்கிழமை பஹ்ரைனில் லீவு. இருந்தாலும் மனசை அடக்கி, “எந்த ஊரு?” என்று அடித்தாள்.

“பழவேற்காடு. இப்ப பஹ்ரைன். நீ?”

“பக்கத்துலதான், பொன்னேரி” என்று கூசாமல் புளுகினாள். வேறென்ன செய்வாள்? பெயரைச் சொன்னால் ஓடிவிடுவான் என்று பயம்.

அடுத்த இரண்டு வெள்ளியும் ஒரே படகில் அவன் ஓட்ட, இவள் வலை போட்டாள். வீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டே குழம்பு வைத்தாள். கடையில் ஒருவரையும் திட்டவில்லை, உடம்பு சரியில்லையோ என்று ஊரே கவலைப்பட்டது. பூவரசன்தான் பிடித்துக்கொண்டு கேட்டான். சொன்னாள்.

“சொல்லிடேன் அவராண்ட,” என்றான்.

“சொன்னா போயிடுவான்யா. இதுவும் இல்லாம போயிடும்.”

“அதுக்கின்னு எத்தினி நாளு எறாலாவே இருப்ப?”

அதற்கு அடுத்த வெள்ளி. அன்றைக்கு வலை நிறைய வந்தது. மடவை அடித்தான்: “நல்லா போடுற. இந்த கேம்ல என் தங்கச்சிதான் இப்பிடிப் போடுவா.”

“இப்ப எங்க அவங்க?”

“ஊர்ல. பேச்சு இல்ல.”

“ஏன்?”

பதில் வந்தது: “என் வாய்தான். அஞ்சு வருசம் ஆச்சு. இப்ப எந்த மூஞ்சிய வெச்சிக்கினு பேசுறது?”

வைஷ்ணவிக்குக் கண்ணீர் கீபோர்டில் சொட்டியது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, அடித்தாள்: “அண்ணா, நான் வைஷு. கட் பண்ணிடாத.”

திரையில் எழுத்து வந்தது: ‘மடவை வெளியேறினார்.’

அவ்வளவுதான். போய்விட்டான். வைஷ்ணவி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சும்மா இருக்காத வாயால் கெட்டேனே, ஆயுசுக்கும் இறாலாகவே இருந்து தொலைத்திருக்கலாமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சாப்பாட்டுக் கேரியரோடு ஷட்டருக்குக் கீழே குனிந்து வந்த பூவரசன், அவள் முகத்தைப் பார்த்ததும் கேரியரைத் தரையில் வைத்துவிட்டான்.

அப்போது அவள் போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர்.

“ஏண்டி, பொன்னேரியா நீ? பொன்னேரி?” விக்கியின் குரல் உடைந்து வந்தது. “புளுகுணி!”

“நீ ஏன் வெளிய போன? நான் செத்தே போயிட்டேன்!”

“டைப் அடிச்சிக்கினே எப்பிடிடி அழுவறது?” என்றான்.

அப்புறம் மூக்கு உறிஞ்சும் சத்தம்தான் இரண்டு பக்கமும் கேட்டது. கடைசியில் விக்கிதான் கேட்டான்.

“மாப்ள கீறாரா பக்கத்துல?”

ஐந்து வருடத்தில் அந்த வார்த்தையை அவன் சொல்லி அவள் கேட்டதே இல்லை. போனை நீட்டினாள். பூவரசன் கையை லுங்கியில் இரண்டு தடவை துடைத்துவிட்டு வாங்கினான்.

“சொல்லு மச்சான்.”

மன்னிப்பு, கின்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை, அந்த ஆம்பிளைகள். ஏரியில் தண்ணீர் எப்படி, முகத்துவாரம் தூர்ந்து கிடக்கிறதா, இறால் பெரிசாக வருகிறதா என்று அரை மணி நேரம் ஓடியது. தங்கைக்கு இரண்டு வார்த்தை, மாப்பிள்ளைக்கு அரை மணி நேரமா என்று வைஷ்ணவிக்குக் கோபமே வந்துவிட்டது. அழுதுகொண்டே கோபப்பட்டாள், கோபப்பட்டுக்கொண்டே சிரித்தாள்.

பூவரசன் திடீரென்று பேச்சை நிறுத்தினான். போனைக் காதிலிருந்து எடுத்து அவளைப் பார்த்தான். அவனுக்கும் கண் கலங்கியிருந்தது.

“மச்சான் தை மாசத்துக்கு வர்றாராம்,” என்றான். “சீட்டுக் குலுக்கறப்ப அவர் பேரையும் எங்கையாலயே எழுதிப் போடச் சொல்றாரு.”