அவர் முகத்துக்கு அரைத்த பொடி

எலுமிச்சம்பழத்தை அறுத்து அப்படியே முகத்தில் தேய்க்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். முகம் என்ன பித்தளைச் சொம்பா? போனில் எவரோ சொன்னார் என்று பருவுக்குப் பற்பசையைத் தடவிக்கொண்டு, மறுநாள் அந்த இடம் கொப்புளித்துப்போய் என் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். நன்றாகத் திட்டிவிட்டுத்தான் வைத்தியம் சொல்வேன். ஆலங்குடிப் பக்கம் எங்கள் ஊரில் கல்யாணம் நிச்சயமான பெண்கள் பார்லருக்குப் போவதற்கு முன்னால் என்னிடம் ஒரு நடை வந்துபோவது வழக்கம். நான் இதற்கென்று படித்தவள் இல்லை. சமையல்கட்டில் இருப்பதை வைத்து முகத்தைத் தெளியவைக்கத் தெரியும், அவ்வளவுதான்.

நான் சொல்வதில் பெரிய ரகசியமும் கிடையாது. எதைப் பூசினாலும் முதலில் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவிப் பார், அரித்தால் விட்டுவிடு. புளித்த தயிர் வேண்டாம், அன்றைக்கு உறைந்ததை எடு. கற்றாழையை வெட்டியதும் அந்த மஞ்சள் பாலை வடியவிட்டு, அலசிய பிறகுதான் சோற்றை வழிக்க வேண்டும், இல்லையென்றால் நமைச்சலெடுக்கும். பூச்சு காய்ந்து வெடிக்கிற வரை உட்கார்ந்திருக்காதே, ஈரம் இருக்கும்போதே கழுவு. கண்ணுக்குக் கீழே கறுப்பு என்றால் உருளைக்கிழங்கைத் துருவி வை, அதைவிட முக்கியமாகப் போனைத் தூர வைத்துவிட்டுத் தூங்கு. உதட்டுக்கு நெய், குதிகாலுக்கு விளக்கெண்ணெய். இதையெல்லாம் கேட்டுவிட்டு, "இம்புட்டுத்தானாக்கா?" என்று ஏமாந்துபோகிறவர்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் பொடி அரைத்து வைத்திருப்பேன்.

பச்சைப்பயறு, கடலைப்பருப்பு, ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு, வெட்டிவேர், கொஞ்சம் கஸ்தூரி மஞ்சள். எல்லாவற்றையும் நிழலில் காயவைத்து மில்லுக்கு எடுத்துப்போவேன். விடிந்ததும் முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டும். மிளகாய் அரைத்த மெஷினில் இதைப் போட்டுவிட்டால் கல்யாணப் பெண்ணின் கதி என்ன ஆகும்? மில்காரருக்கும் எனக்கும் இதனால் வருஷம் முழுக்கச் சண்டைதான்.

எங்கள் பக்கம் முந்திரி உடைக்கப் போகிற பெண்களும் வருவார்கள். முந்திரித் தோட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டால் கை வெந்துபோகும். அவர்களுக்குப் பொடி தரமாட்டேன், ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அனுப்பிவிடுவேன். கறுத்த தோல் வேறு, வெந்த தோல் வேறு. பார்த்த பார்வையிலேயே இது இன்னது என்று சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அந்தக் கர்வத்தோடுதான் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தும் ஒன்றும் தெரியாமல் இருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

அவர் வெளிநாட்டுக்குக் கிளம்பியபோது நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். வெயிலில் நிற்கிற வேலை என்றால் போகவேண்டாம். என் அப்பா சித்திரை வெயிலில் கடலைக்காட்டில் மயங்கி விழுந்தவர். அதன் பிறகு அவர் எழுந்து நடமாடவே இல்லை. "வெயில் வேலைன்னா அத இங்கனயே செய்யலாமே. நம்ம தென்னைக்குத் தண்ணி பாய்ச்சலாம். அதுக்கு எதுக்குக் கடல் தாண்டிப் போகணும்?" என்று கேட்டேன்.

"சூப்பர் மார்க்கெட்ல பில் போடுற வேலை. ஏசி கடை. நீதான் எனக்கு ஸ்வெட்டர் வாங்கித் தரணும்" என்று சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே அனுப்பிவைத்தேன். மகள் அப்போது எட்டாம் வகுப்பில் இருந்தாள்.

வேலை முடிந்து ரூமுக்கு வந்த பிறகுதான் வீடியோ காலில் வருவார். முகம் வெளுப்பாகத்தான் தெரியும். அந்தப் போன் யாரைக் காட்டினாலும் மாவு பூசித்தான் காட்டும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் பேசுகிற ஆளைப் பார்ப்பேனே தவிரப் போனைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

முதல் லீவுக்கு வந்தவரைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கரிக்கட்டையாக வந்து இறங்கியிருந்தார். கன்னமும் மூக்கும் உரிந்து கிடந்தன. நெற்றியில் குறுக்கே ஒரு கோடு, அதற்கு மேலே பழைய நிறம், கீழே வேறு நிறம்.

"என்னங்க இது, கடைக்குக் கூரை இல்லையா?" என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை லீவுல. பயலுகளோட கிரிக்கெட்டுக்குப் போறேன். தொப்பி போட்ட தடம் அது" என்றார்.

கல்யாணத்துக்கு முன்னால் அவர் ஊர் டீமில் ஆடியவர். நான் நம்பிவிட்டேன். நம்பினேன் என்பதைவிட, எனக்கு ஒரு வேலை கிடைத்த சந்தோஷத்தில் மேற்கொண்டு கேட்கவில்லை என்பதுதான் சரி. ஊரான் வீட்டுப் பெண்களையெல்லாம் பளிச்சென்று ஆக்கி அனுப்புகிறவளுக்குத் தன் புருஷன் இப்படி நிற்பது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. தினமும் காலையில் கொல்லைப்புறத்தில் அவரை ஸ்டூலில் உட்காரவைத்துவிடுவேன். உரிந்த இடம் ஆறுகிற வரை கற்றாழையும் தேங்காய்ப்பாலும், அதற்குப் பிறகு பொடியும் தயிரும். கழுத்து, காது மடல், முழங்கை ஒன்றையும் விடவில்லை. அவர் கண்ணை மூடி உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். மகள் அவரைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு சிரிப்பாள்.

உள்ளங்கை காய்த்து வெடித்திருந்தது. விளக்கெண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டே, "பில் போடுற கையாங்க இது?" என்று கேட்டேன். "அட்டைப்பெட்டியெல்லாம் நாங்கதான் எறக்கணும்" என்றார். அதையும் கேட்டுக்கொண்டேன்.

அந்த லீவில் அவர் ஆசைப்பட்டுக் கேட்டது மணமேல்குடிக் கடலுக்குப் போக வேண்டும் என்பதுதான். மூன்று பேருமாகப் பஸ்ஸில் போய், பகலெல்லாம் இருந்துவிட்டு வரலாம் என்றார். இப்போதுதான் நிறம் திரும்பிக்கொண்டிருக்கிறது, மறுபடி வெயிலில் போய் நின்றால் நான் பட்டபாடெல்லாம் வீண் என்று சொல்லிவிட்டேன். "அடுத்த லீவுக்குப் போவோம், இப்ப பேசாம நிழல்ல இருங்க" என்றேன். தோப்புக்குப் போகக்கூட விடவில்லை. அவர் முகம் சுண்டியது. இவ்வளவு கறுத்த பிறகும் அவருக்கு வெயிலில் போக ஆசையாகத்தான் இருந்தது. மனைவி மகளோடு நிற்கிற வெயில் வேறு என்று நினைத்தாரோ என்னவோ. லீவு முடிகிறபோது பார்த்தவர்களெல்லாம், "மாப்பிள்ளைக் களை வந்துருச்சே" என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெட்டியில் ஒரு பை நிறையப் பொடி வைத்து, எப்படிப் பூச வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த லீவுக்கு வந்தபோது அவர் முகம் எவ்வளவோ தேவலையாக இருந்தது. கோடு மட்டும் லேசாகத் தெரிந்தது. சொன்னபடி பொடியைப் போட்டு வருகிறார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தத் தடவை மாமனாருக்கு உடம்பு சரியில்லாமல் போனதில் கடல் பேச்சே எழவில்லை.

அவர் திரும்பிப் போய்க் கொஞ்ச காலம் ஆனபின், கொடும்பாளூர் பக்கத்துத் தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரரோடு ஒரே ரூமில் இருப்பவர், லீவில் வந்திருக்கிறார். அவரிடம் வாசனைச் சோப்பும் மகளுக்கு ஒரு கைக்கடிகாரமும் என் வீட்டுக்காரர் கொடுத்தனுப்பியிருந்தார். நாற்காலியில் உட்காரவைத்து டீ கொடுத்தேன். அப்போதுதான் அவர் நெற்றியைப் பார்த்தேன். அதே கோடு.

"நீங்களும் கிரிக்கெட்டுல பெரிய ஆளு போலருக்கே தம்பி. தொப்பித் தடம் அப்புடியே இருக்கு" என்றேன்.

"கிரிக்கெட்டா? அதுக்கெல்லாம் ஏது மதினி நேரம்? இது ஹெல்மெட்டு. பைப்புக்குப் பள்ளம் தோண்டுற எடத்துல ஹெல்மெட் இல்லாம உள்ள விடமாட்டாங்க."

"ஒங்களுக்குச் சரி. அவுகளுக்குக் கடையிலதான வேலை?"

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்க்காமல், "அந்தக் கடைய மூடி எம்புட்டோ காலமாச்சே மதினி. அண்ணனும் எங்களோட பள்ளத்துலதான் நிக்கிறாரு. ஒங்களுக்குத் தெரியும்னுல நெனச்சேன்" என்றார்.

தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அந்தத் தம்பிக்குப் பதற்றம் வந்துவிட்டது. சமாதானப்படுத்துகிற மாதிரி வேறு விஷயத்துக்குத் தாவினார். "ஒங்க பொடிதான் மதினி எங்க ரூம்ல எல்லாருக்கும். லீவுக்கு டிக்கெட் போட்டாச்சுன்னா ஒரு மாசம் தெனமும் வேலை முடிஞ்சு வந்து தயிர்ல கொழப்பிப் பூசிக்கிட்டு வரிசையா ஒக்காந்துருப்போம். அண்ணன்தான் பூசி விடுவாரு. காய விடாதடா, ஈரத்தோட கழுவுடான்னு வைவாரு. கறுத்துப்போய் வந்து நின்னா வீட்ல பயந்துருவாகள்ல? நான் இந்தத் தடவ திடீர்னு கெளம்பிட்டேன், பூச நேரமில்ல."

"ஒங்க வீட்ல என்ன சொன்னீங்க?"

"பஸ்ல ஜன்னலோரம் ஒக்காந்து வந்தேன்னு சொன்னேன்" என்று சிரிக்கப் பார்த்தார். பிறகு, போகும்போது கொஞ்சம் பொடி வாங்கிவரச் சொல்லி அண்ணன் அனுப்பியதாகச் சொன்னார்.

முதலில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஊர் முகத்தையெல்லாம் தெளியவைப்பதாக நினைத்துக்கொண்டு, புருஷன்மார் பெண்டாட்டியிடம் மறைப்பதற்கு அரைத்துக் கொடுத்திருக்கிறேன். ஆத்திரம் அடங்கியதும் வேறொன்று வந்தது. முதல் லீவில் தினமும் காலையில் அந்தத் தோலைத் தொட்டது என் கைதான். கன்னத்தில் உரிந்து கிடந்தது வெந்த தோல். முந்திரி உடைக்கிற பெண்ணின் கையாக இருந்திருந்தால் பார்த்த உடனே சொல்லியிருப்பேன். எந்தப் பூச்சு போட்டால் போகும் என்று யோசித்தேனே ஒழிய, எப்படி வந்தது என்று இன்னொரு தடவை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். அவருக்குப் பொய் சரளமாக வராது. கடலுக்காவது கூட்டிப் போயிருக்கலாம்.

பொடியைக் கொடுத்து அனுப்பினேன். அந்த ரூமில் இருக்கிறவர்கள் வீட்டிலும் என்னைப் போல ஒருத்தி இருப்பாள்தானே. வெந்த இடத்தில் போடவேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

அன்றைக்குப் போனில் கேட்டுவிட்டேன். "பில் போடுற வேலையெல்லாம் எப்புடிப் போகுது?" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"வந்துருங்க" என்றேன்.

"பாப்பா காலேஜ் முடிக்கட்டும். வந்துர்றேன்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். அவர் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். கடைசியில், "சரி, அடுத்த லீவுக்கு வாரப்ப மூஞ்சியில ஒண்ணும் பூசாதீங்க. எப்புடி இருக்கீங்களோ அப்புடியே வாங்க. நான் பாக்கணும்" என்றேன்.

"நீ பயந்துருவ."

"பயப்பட மாட்டேன். இனிமே எங்கிட்ட எதையும் மறைக்க வேணாம்."

அதைச் சொன்ன பிறகு எனக்கு ஒரு நிம்மதி. இனிமேல் எங்களுக்குள் ஒளிவுமறைவு இல்லை என்று நினைத்தேன். அவர் வருகிற நாளுக்காக மனசைத் தயார்ப்படுத்திக்கொண்டேன். எப்படி இருந்தாலும் சிரித்த முகமாக முன்னால் போய் நிற்க வேண்டும், நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது, வந்த மறுநாளே மூன்று பேருமாகக் கடலுக்குப் போக வேண்டும்.

போன மாதம் வந்தார். நானும் மகளும் திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போயிருந்தோம். அவள் காரை வரச்சொல்லப் போனாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒருவர் நேராக என்னை நோக்கி வந்தார். அவருக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் வருகிறாரா என்று எட்டிப் பார்த்தேன்.

அவர்தான். கன்னம் திட்டுத்திட்டாகக் கருகி, நடுவில் உரிந்த இடமெல்லாம் சிவந்து கிடந்தது. உதடு வெடித்திருந்தது. கண்ணைச் சுற்றி, அப்பாவுக்கு இருந்ததைப் போலச் சுருக்கம். நான் சிரிக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். என் முகம் கேட்கவில்லை. ஒரு நொடிதான், கண்ணை வேறு பக்கம் திருப்பிவிட்டேன். திரும்பவும் பார்ப்பதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"இதுக்குத்தான் இத்தன நாளும் பூசிட்டு வந்தேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, ஆறுதல் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

நான் அவர் கையைப் பிடித்தேன். அதற்குள் மகள் அங்கிட்டிருந்து, "அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். அவர் சட்டென்று கையை விடுவித்துக்கொண்டு, பையிலிருந்து கர்சீப்பை எடுத்து, வேர்வையைத் துடைக்கிறவர் போல முகத்தை மூடிக்கொண்டார்.