மாட்டுக்குச் சொன்ன நன்றி

என் புத்தகத்தைப் படித்துவிட்டுப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் காலை ஏழு மணிக்குத்தான் அழைக்கிறார்கள். அதிகாலையில் எழுபவனே வெல்வான் என்று நான்தான் எழுதித் தொலைத்திருக்கிறேன். ஏழு மணிக்கு எழுத்தாளர் குளித்து முடித்து, பளிச்சென்று உட்கார்ந்திருப்பார் என்று நம்புகிறார்கள். நான் அப்போதுதான் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பேன். போன மாதம் திருப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் பேசினார். கொடுப்பதைப் பற்றிய அத்தியாயத்தில் வரும் தண்ணீர்க் கதையைப் படித்து அழுதுவிட்டதாகச் சொன்னார். பிறகு கேட்டார்.

“அந்த ஏழை விவசாயி இப்ப எப்படி இருக்காரு சார்?”

“நல்லா இருக்காருங்க,” என்றேன்.

பொய்யில்லை. ஜன்னல் வழியாகவே அவர் தெரிந்தார். இரண்டு வரப்பு தாண்டி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புல் அறுத்துக்கொண்டிருந்தார். அவர் என்னோடு பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது.

உத்திரமேரூரில் வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு தன்னம்பிக்கை நூல்கள் எழுத ஆரம்பித்தேன். கல்லூரிகளில் கூப்பிட்டுப் பேசச் சொல்வார்கள், ஒரு சால்வை போர்த்துவார்கள். அலமாரியில் சால்வைகள் மட்டும் இரண்டு தட்டு இருக்கின்றன. மனைவி இறந்து மூன்று ஆண்டு ஆகிறது. மகன் வெளிநாட்டில். ஞாயிற்றுக்கிழமை பேசுவான், சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று கேட்பான், நான் ஆமாம் என்பேன், அதற்குமேல் இருவருக்கும் ஒன்றும் தோன்றாது.

அந்த விவசாயி என் பக்கத்துக் கழனிக்காரர். ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பள்ளியில் படித்தோம். அவருடைய அப்பா எங்கள் கழனியில் கூலி வேலை செய்தவர். எங்கள் வீட்டு வாசலோடு நின்று கஞ்சி வாங்கிக் குடித்துவிட்டுப் போவார். உள்ளே வந்து நான் பார்த்ததில்லை. மகனான இவர் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஷிப்ட் பார்த்தார். மிச்சம் பிடித்ததில், எங்கள் கழனியை ஒட்டியே ஒரு காணி வாங்கினார். அவர்கள் குடும்பத்தில் ஒரு பத்திரம் வந்தது அதுதான் முதல் முறை.

அந்தக் காணியில் கிணறு இல்லை. என்னிடம் இருந்தது. காலையில் கரண்ட் வந்ததும் அவரே வந்து என் மோட்டாரைப் போடுவார். முதலில் என் கழனிக்குப் பாயும், பிறகு அவர் மடையைத் திறந்துகொள்வார், கடைசியில் மோட்டாரை அணைத்துவிட்டுப் போவார். பதினோரு வருடம் இப்படி. அவர் கேட்கவும் இல்லை, நான் கொடுக்கவும் இல்லை. அது பாட்டுக்கு நடந்தது. தண்ணீர் பாயும் நேரத்தில் சிமெண்ட் தொட்டியின் விளிம்பில் உட்காருவார். நான் டீ கொண்டுபோவேன். மயில் நாற்றங்காலை மேய்ந்தது, பிரஷர் மாத்திரையை டாக்டர் மாற்றியது, இதையெல்லாம் பேசுவோம். மனைவி போன பிறகு நேருக்கு நேர் உட்கார்ந்து நான் கேட்ட மனிதக் குரல் அது ஒன்றுதான். அப்போது அது எனக்குத் தெரியவில்லை.

புத்தகத்தை அனுப்பியபோது பதிப்பாளர் போனில் சொன்னார். “உபதேசம் நிறைய இருக்கு சார். சொந்த அனுபவம் ஒண்ணு சேத்தீங்கன்னா நல்லா நிக்கும்.” சொந்த அனுபவத்துக்கு எங்கே போவது என்று மேசையில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தேன். வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஒரு மணி நேரத்தில் எழுதி முடித்தேன்.

வாடிய பயிர். வழியற்ற ஓர் ஏழை விவசாயி. என் தந்தையிடம் கூலி வேலை செய்தவரின் மகன். ‘எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் எல்லோருக்கும் பொது’ என்கிறேன் நான். அவர் கண்ணீர் மல்கக் கைகூப்புகிறார். கொடுப்பவனின் கிணறு வற்றுவதில்லை என்று ஒரு முத்தாய்ப்பு.

அவர் கண்ணீரும் விடவில்லை, கைகூப்பவும் இல்லை. முதல் நாள் என் மோட்டார் கொட்டகைக்கு வந்தவர் சொன்னது இது: “ஏம்பா, உன் ஸ்டார்ட்டர்ல பட்டனு லூசா கீது, என்னிக்காவது ஷாக் அடிச்சிடும்.” சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் ஸ்க்ரூ டிரைவர் எடுத்து வந்து முடுக்கினார். அதை நான் எழுதவில்லை. அதில் என் பெருமை ஒன்றும் இல்லையே.

என் பெருமைதான் என்ன? தண்ணீர் பூமியுடையது, மின்சாரம் அரசாங்கம் இலவசமாகக் கொடுப்பது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்கிற கதை. இதில் வேடிக்கை, அதே அத்தியாயத்தில் நாலு பக்கம் முன்னால், ‘கொடுத்ததைச் சொல்லிக் காட்டாதீர்கள்’ என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லிக் காட்டினால் அது இரண்டு பேரோடு போகும். நான் அச்சடித்துச் சொல்லிக் காட்டினேன்.

அவர் மகள் காஞ்சிபுரத்தில் கல்லூரியில் படிக்கிறாள். பேச்சுப் போட்டியில் அவளுக்குப் பரிசாக வந்தது அந்தப் புத்தகம். நம் ஊர் சார் எழுதியது என்று ஆசையாகத்தான் வீட்டில் எடுத்து உரக்கப் படித்திருப்பாள். பெயர் போடவில்லைதான். எங்கள் கழனித் தண்ணீர் பாயும் பக்கத்துக் கழனி ஒன்றே ஒன்று. இந்த ஊரில் யாருக்குப் பெயர் வேண்டும்?

மார்கழி மாதம். நெல் பால் பிடிக்கிற சமயம், தண்ணீர் ஒரு நாள் தவறினாலும் ஆகாது. ஒரு காலையில் மோட்டார் சத்தம் கேட்கவில்லை. போய்ப் பார்த்தேன். அவர் பக்கத்து மடையைச் சேறு அப்பி, மிதித்து, மேலே புல்கட்டி வைத்து அடைத்திருந்தது. ஒரு நாளைக்கு அடைக்கிற அடைப்பு இல்லை அது. அவர் தன் வரப்பில் நின்றிருந்தார்.

“இன்னாப்பா, மடைய அடைச்சிட்ட?”

“ஆமாங்க சார். அந்தாண்ட கெணத்துக்காரரு கிட்ட சொல்லிக்கினேன். ஓஸ் போட்டு இழுத்துக்குவேன்.”

ஐம்பது வருடத்தில் அவர் வாயில் முதல் ‘சார்’.

“இன்னாத்துக்கு இப்ப சாரு, மோருன்ற?”

“பொண்ணு உங்க புக்க படிச்சி காமிச்சிச்சி சார்.” சற்று நேரம் காலால் சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தார். “நான் எப்ப சார் உங்கள கையெடுத்துக் கும்புட்டேன்?”

“அது எழுத்துல அப்படித்தாம்பா. படிக்கிறவங்க மனசுல தெக்கணும்னு…”

“எங்கப்பா கும்புட்டாரு, உங்கப்பாவ. சாவுற வரைக்கும் கும்புட்டுக்கினுதான் இருந்தாரு. நான் கும்புடல சார். கும்புடக் கூடாதுன்னுதான் இந்தக் காணிய வாங்கனேன்.”

அவர் குரல் உயரவே இல்லை. நான் ஏதேதோ சொன்னேன், அவர் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டுப் போய்விட்டார். தூரத்துக் கிணற்றிலிருந்து ஓஸ் போட்டு இழுத்த தண்ணீர் மேற்கு ஓரத்துக்கு எட்டவில்லை. அந்தப் பக்கத்துக் கதிர் பால் பிடிக்காமல் சாவியாகிப் போனது. வெளுத்து நின்ற அந்தப் பட்டையை அறுவடை வரை என் ஜன்னல் எனக்குக் காட்டிக்கொண்டே இருந்தது.

அதன் பிறகு என் நாட்கள் எப்படி இருந்தன என்று சொல்வதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது. தனிமையை வெல்வது எப்படி என்று ஒரு சிறு நூலே போட்டவன் நான். காலையில் நானே போய் மோட்டாரைப் போடுவேன், நானே அணைப்பேன், தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து நானே டீ குடிப்பேன். உத்திரமேரூர் பஸ்ஸில் போய், தேவையில்லாத காய் வாங்கி வருவேன். கடைக்காரர் ‘இன்னா சார், சௌக்கியமா’ என்பார், அதற்காகவே. மாலையில் டிவியைச் சத்தமாக வைப்பேன். வீட்டில் யாரோ இருப்பது போல இருக்கும்.

வாசகர்களுக்கு நான் சொல்லும் மருந்து ஒன்று உண்டு. தினமும் மாலையில் ஐந்து நன்றிகளை நோட்டில் எழுதுங்கள், மனம் நிறையும் என்பேன். நானும் ஆறு வருடமாக எழுதிவந்தேன். அந்த மார்கழிக்குப் பிறகு பேனா ஓடவில்லை. கரண்டுக்கு நன்றி என்று எழுதி, அதற்குமேல் பேனாவின் மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எட்டு மாதம் இப்படிப் போன பிறகு, அந்தத் திருப்பூர்க்காரர் பேசினாரே, அன்று சாயங்காலம் பழைய நோட்டுகளை எல்லாம் இறக்கினேன். அவரைப் பற்றி எவ்வளவோ நல்லதாக எழுதியிருப்பேன், கொண்டுபோய்க் காட்டலாம் என்று நினைத்தேன்.

ஆறு நோட்டிலும் தேடினேன். மழைக்கு நன்றி. முழங்கால் வலி குறைந்ததற்கு நன்றி. நூறு பேர் வந்த கூட்டத்துக்கு நன்றி. என் மன உறுதிக்கு நன்றி என்றுகூட ஓர் இடத்தில் இருந்தது. அவர் ஓர் இடத்திலும் இல்லை. பதினோரு வருடம் நான் அவருக்குக் கொடுத்ததை ஒரு மணி நேரத்தில் எழுத முடிந்தது. அவரிடம் வாங்கியது என் கண்ணிலேயே படவில்லை.

மூன்றாவது நோட்டில் மனைவி இறந்த நாட்கள் வந்தன. எட்டுப் பக்கம் வெற்றுத்தாள். ஒன்பதாம் நாள் ஒரே வரி எழுதியிருந்தேன். ‘இந்தத் துக்கத்திலும் தவறாமல் பால் தரும் மாட்டுக்கு நன்றி.’

அந்த வரியைப் படித்துவிட்டு, நல்ல வரிதான் என்று முதலில் நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறகுதான் உறைத்தது. மாடு தானாகவா கறந்துகொள்ளும்? என் மனைவி ஒருத்திக்கு மட்டும் அடங்கிய மாடு அது. நான் பக்கத்தில் போனாலே உதைக்கும். ஆனால் துக்கத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கிடைத்தது. சமையலறை வாசலில் காலையும் மாலையும் தூக்கு நிறையப் பால், தட்டு போட்டு மூடி இருந்தது எனக்கு நினைவிருந்தது. யார் கறந்தார்கள் என்று நான் கேட்கவே இல்லை.

கூரம் கிராமத்தில் இருக்கும் என் மனைவியின் தங்கைக்குப் போன் போட்டேன்.

“அவருதான் மாமா, பக்கத்துக் கழனிக்காரரு,” என்றாள். “மொதோ நாளு மாடு மடி கட்டிக்கினு கத்திச்சி பாருங்க, யாருக்கும் கிட்ட போவ தைரியம் இல்ல. அவரு வந்து, அக்காவோட பழம்பொடவ ஒண்ணு கொடியில கெடந்திச்சி, அத எடுத்துத் தோள்ல போத்திக்கினு போயி ஒக்காந்தாரு. அந்த வாசனைக்கு மாடு அசையாம நின்னிச்சி. பதினாறு நாளும் ரெண்டு வேளையும் அப்படித்தான் கறந்தாரு. உங்களுக்குத் தெரியாதா?”

காரியம் முடிந்த வாரமே அந்த மாட்டைப் பக்கத்துப் பெருநகர் கிராமத்தில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம். ஓட்டிப்போன அன்றும் நான் அதன் கழுத்தைத் தடவி நன்றி சொன்னேன்.

பதிப்பாளரை அழைத்து, அந்தத் தண்ணீர்க் கதைப் பக்கத்தை எடுத்துவிடுங்கள் என்றேன். “சார், அதுதான் சார் புக்கே,” என்றார். வாதாடி, அடுத்த அச்சில் எடுப்பதாக ஒப்புக்கொள்ள வைத்தேன். போய்ச் சேர்ந்த பிரதிகளை என்ன செய்ய முடியும்? மறுநாள் காலை, அவர் வரப்பு வெட்டிக்கொண்டிருந்த இடத்துக்குப் போனேன். வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனேன், மேடைக்குப் போகிறவனைப் போல. அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்ததும் ஒன்றும் மிஞ்சவில்லை.

“அன்னைக்கி மாட்ட…” என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் வேறு பக்கம் பார்த்தார். “மாடு கத்திக்கினு இருந்திச்சி. வாயில்லாத ஜீவன். யாரு கறந்தா இன்னா?”

“புக்குலருந்து அந்தப் பக்கத்த எடுக்கச் சொல்லிட்டேன். மடையத் தொறந்துக்கப்பா.”

“வேணாங்க. அந்தத் தண்ணி புக்குல கீது. என் கழனிக்கு ஏறாது.”

நான் நகரவில்லை. அவர் மண்ணை வெட்டி வரப்பில் அணைத்தார், இன்னொரு வெட்டு வெட்டினார். பிறகு நிமிராமலே சொன்னார். “மாட்டுக் கதையையும் எழுதுவ. எழுதுறதுன்னா உன்ன எழுது. நான் ஏழைன்னு, அழுதேன்னு எழுதாத. வெயிலு ஏறுது, வூட்டுக்குப் போ.”

கோபத்தில் வந்ததோ என்னவோ, எட்டு மாதத்துக்குப் பிறகு அந்த ‘உன்ன’. அதைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அழுதவன் நான்தான் என்பதையும் இங்கே எழுதிவிட்டேன்.

அடுத்த நாள் மடை அடைத்தபடிதான் இருந்தது. இன்றும் அப்படித்தான் இருக்கிறது. அன்று காலை ஏழு மணிக்கு போன் அடித்தது. விழுப்புரத்திலிருந்து ஒரு பெண். அவரும் தண்ணீர்க் கதையில்தான் ஆரம்பித்தார். இந்த முறை நான் விடவில்லை.

“அவர் ஏழை இல்லைங்க. அவர் கைகூப்பவும் இல்லை. அதை நானாக எழுதினேன். உண்மையில் அவர்தான் எனக்குச் செய்தவர். வாங்கிக்கொண்டவன் நான்.”

சரி, புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

“எவ்ளோ பெரிய மனசு சார் உங்களுக்கு,” என்றார் அவர், தழுதழுத்து. “செஞ்சத நீங்க செய்யவே இல்லன்னு சொல்றீங்க பாருங்க. இதத்தான் சார் உங்க கிட்ட நாங்க கத்துக்கணும்.”

ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கழனிக்காரர் ஓஸைத் தோளில் சுமந்துகொண்டு தூரத்துக் கிணற்றுக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் அந்தப் பெண்ணிடம், பழக்க தோஷத்தில், நன்றி என்று சொல்லி போனை வைத்தேன்.