ஆயுத பூசைக்கு மினுங்கிய சைக்கிள்

இலங்கையின் மலைநாட்டில் சைக்கிள் வாங்குகிறவனைப் பார்த்து ஊரே சிரிக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வாங்கினேன்.

எழுபதுகளின் கடைசியில் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் எனக்கு ஆசிரியர் வேலை. மனைவிக்கு மலைக்கு அந்தப் பக்கம், டிக்கோயாவை ஒட்டிய தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் வேலை. அவள் வேலையை விட்டால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடும். அதனால் அவள் அங்கே தன் அப்பாவோடு இருந்தாள். நான் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒற்றை அறையில் கிடந்தேன். பஸ்ஸில் போவதென்றால் ஹட்டன் வரைக்கும் சுற்ற வேண்டும், இரண்டு பக்கமும் நடக்க வேண்டும். ஆகவே சனிக்கிழமை போய் ஞாயிறு திரும்புவேன்.

மகளுக்கு ஒரு வயது நெருங்கியபோது, நான் தூக்கினால் வீரிட்டு அழத் தொடங்கினாள். கொழுந்து நிறுக்க வரும் கணக்கப்பிள்ளையிடம்கூடச் சிரித்துக்கொண்டே போகிற பிள்ளை, என்னைக் கண்டால் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். விருந்தாளி மாதிரி ஓரமாக உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டு வருவேன். அதைப் போல ஒரு அவமானம் நான் பட்டதில்லை. வாரத்துக்கு ஒருமுறை தலைகாட்டுகிறவனை எந்தப் பிள்ளை அப்பா என்று நினைக்கும்? தினமும் வீட்டுக்கு வந்தாக வேண்டும். தோட்டத்து ரோட்டு வழியாக மலையைக் குறுக்கே தாண்டினால் வரலாம். அதற்குத்தான் சைக்கிள்.

ஹட்டனில் பழைய சைக்கிள்களைத் திருத்தி விற்ற பாஸ் நல்ல மனிதர். இது மேட்டு நிலத்துக்குச் செய்த சாமான் இல்லை மாஸ்டர் என்று ஒளிக்காமல் சொன்னார். இருந்ததிலேயே விலை குறைந்ததை எடுத்தேன். கறுப்பு நிறம், கட்டிலை உருட்டுகிற மாதிரி கனம். அதுவரை சைக்கிளில் காற்றடிப்பதைத் தவிர வேறெதுவும் நான் செய்ததில்லை.

ஏற்றத்தில் அதை மிதிக்கவே முடியவில்லை. பின் சக்கரத்தின் பல்லுச் சக்கரத்தைப் பெரிதாக்கினால் லேசாகும் என்று யாரோ சொல்ல, அலைந்து திரிந்து ஒன்றைப் பிடித்து மாட்டினேன். மாட்டிய பிறகுதான் செயின் எட்டாது என்று தெரிந்தது. வேறொரு செயினிலிருந்து இரண்டு கண்ணி கழற்றிச் சேர்த்தேன். அந்தக் கண்ணிகளுக்கும் என் செயினுக்கும் ஆகவே ஆகாது. அந்த இடம் வரும்போதெல்லாம் செயின் ஒரு துள்ளுத் துள்ளும். கால் பெடலிலிருந்து வழுக்கும். முழங்கால் போய்க் கைப்பிடியில் இடிக்கும். இறக்கத்தில் பிரேக் கட்டைகள் சவர்க்காரம் மாதிரி கரைந்தன. கடையில் எப்போது கேட்டாலும் இல்லை. பழைய லொறி டயரை வெட்டிக் கட்டை செய்யப் போய், மாமனார் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை மழுங்கடித்தேன். அவர் கொஞ்ச நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆனாலும் வந்தேன். பாதி வழி நான் சைக்கிளில் வந்தேன், மீதி வழி சைக்கிள் என் தோளில் வந்தது. மழை, அட்டைக்கடி, எதிரில் கை தெரியாத மூடுபனியில் செயின் கழன்று விழுவது, எல்லாவற்றையும் தாண்டி வந்து சேர்ந்தால் வீட்டில் என்ன செய்தேன்? வெளிச்சம் இருக்கும்வரை வாசலில் குந்திக்கொண்டு அந்தச் சனியனைப் பழுது பார்த்தேன். பிள்ளைக்காக வாங்கிய சைக்கிள், பிள்ளையோடு இருக்க வேண்டிய நேரத்தையெல்லாம் தின்றது. மகள் அழுவதை நிறுத்தியிருந்தாள், அவ்வளவுதான். அம்மாவின் இடுப்பில் இருந்தபடி பார்ப்பாள். கை நீட்டினால் திரும்பிக்கொள்வாள்.

இந்த நிலையில்தான் ஆயுத பூசை வந்தது. கத்தி, மண்வெட்டி, மண் கிளறும் முள்ளு, கொழுந்துக்கூடை எல்லாம் சாமிப் படத்துக்கு முன்னால் வரிசையாக இருக்க, அவற்றுக்கு நடுவே கைப்பிடியில் சந்தனம் குங்குமத்தோடு என் சைக்கிள் நின்றது. அது அவ்வளவு மினுங்கி நான் பார்த்ததே இல்லை. உதவாக்கரைக்கும் ஒரு நாள் மரியாதை கிடைக்கட்டும் என்று நானும் கும்பிட்டேன்.

மறுநாள் காலையில் மூடுபனியோடு புறப்பட்டேன். லயத்து வாசலிலிருந்து ஓடைப் பாலம் வரைக்கும் நல்ல இறக்கம். ஏறி உட்கார்ந்து பிரேக்கைப் பிடித்தேன். பிடிக்கவில்லை. இரண்டு கையாலும் இறுக்கினேன். கட்டைகள் சக்கரத்தை ஆசையாகத் தடவிக்கொடுத்தன, சக்கரம் இன்னும் வேகமாக ஓடியது. காலைப் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போய்க்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு இரண்டு பக்கமும் ஒதுங்க, நடுவே பாய்ந்து தேயிலைக்குள் விழுந்தேன். எழுந்து பார்த்தால் இரண்டு ரிம்மிலும் வெள்ளை வெள்ளையாகத் தேங்காய் எண்ணெய் உறைந்திருந்தது.

கையிலும் முகத்திலும் ரத்தக் கீறலோடு சைக்கிளை மேலே தள்ளிக்கொண்டு வந்தேன். மனைவி மழைக்குப் போடும் கொங்காணியைக் கட்டியபடி வாசலில் நின்றாள். ரிம்மில் யார் எண்ணெய் பூசியது என்று கேட்டேன்.

"நான்தாங்க. கத்தி, மம்பட்டிக்கெல்லாம் எண்ண தேச்சுத்தானே சாமிக்கு வப்போம். இதுவும் இரும்புதானேன்னு ரெண்டு சக்கரத்துக்கும் நல்லா அழுத்தித் தேச்சேன்."

சைக்கிளை வாசலில் போட்டேன். இதைக் கொண்டுபோய் ஓடையில் தள்ளிவிடப் போகிறேன், இனி சனிக்கிழமை மட்டும்தான் வருவேன், நான் வந்தாலும் வராவிட்டாலும் இந்த வீட்டில் யாருக்கு என்ன என்று கத்தினேன்.

அப்போது மகள் உள்ளிருந்து வந்தாள். நடை பழகிய புதிது. சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் வருவாள். என்னைத் தாண்டிப் போனாள். விழுந்து கிடந்த சைக்கிளின் பக்கத்தில் உட்கார்ந்து, எண்ணெய்ச் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அப்பா" என்றாள். தெளிவாகச் சொன்னாள். இன்னொரு தடவையும் சொன்னாள்.

மனைவி சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"அந்திக்கு நீங்க வர்றப்ப, அந்தா அப்பா வர்றாங்க பாருன்னு கை காட்டுவேன். வளைவுல மொதல்ல சக்கரந்தானே திரும்பும்."

மலையேறி மிதித்தது நான், மழையில் நனைந்தது நான், அப்பா என்ற பேர் மட்டும் அதற்கு. அதற்குமேல் கத்த என்னால் முடியவில்லை. தரையில் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மகள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அழாமல் என் மடியில் ஏறினாள். அங்கிருந்தால் கைப்பிடி எட்டும் என்று கண்டுபிடித்துவிட்டாள்.