மூச்சை விட்டு நிறுத்தச் சொன்ன குரல்

ஆமாம், அது அவர் குரல்தான். அவரை அறிந்த உங்களில் பலர் கேட்டுவிட்டீர்கள்: மலையடிவாரத்து எங்கள் மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் மேசை உள்ளே நகரும்போது பேசுவது, போன மாதம் இறந்த டாக்டர் வேணுகோபாலா என்று. அவர்தான். இன்னும் அழிக்கவில்லை.

செய்தி வந்தபோதும் அந்தக் குரல் பேசிக்கொண்டிருந்தது. வீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று வரவேற்பிலிருந்து போன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு நோயாளி. "மூச்சை விடுங்க. அப்படியே நிறுத்துங்க." ஸ்கேன் எடுப்பது என் வேலை. எடுத்தேன். "இப்ப மூச்சு விட்டுக்கலாம்." இப்படிப் பாதியில் போய்விட்டாரே என்று எனக்குக் கோபம் வந்தது. இன்னும் தீரவில்லை.

ஈரலில் இருக்கும் சிறு கட்டியை, ஊசி செலுத்தி அதன் முனைச் சூட்டால் சுடுவது அவர் வேலை. அல்ட்ராசவுண்ட் நடப்பதை நடக்கும்போதே காட்டும். சில கட்டிகள் அதில் தெரியாது. சி.டி. படத்தில் தெரியும், அது என்றோ எடுத்தது. இரண்டையும் ஒரே திரையில் பொருத்திக்கொண்டு ஊசியை இறக்க வேண்டும். சொல்வதற்கு இவ்வளவுதான்.

பொருத்துவதற்குப் படத்தாள் போதாது, ஸ்கேனைப் பதிந்து தரும் டிஸ்க் வேண்டும். கே.ஜி.கண்டிகையிலிருந்து வந்த ஒரு விவசாயி படத்தாளை மட்டும் துணியில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்தார்.

"டிஸ்க் எங்கங்க?"

"கொய்யா மரத்துல கட்டிவுட்டுகீறேன் சார். மின்னுது பாருங்க, கிளி கிட்டயே வர்றதில்ல."

"கிளிக்கு ஈரலக் காட்டிட்டு எங்கிட்ட வெறுங்கையோட வந்துகீற" என்றார் வேணுகோபால் சார்.

நாங்கள் சிரித்தோம். விவசாயி சிரிக்கவில்லை. வெயிலில் காய்ந்த டிஸ்க் இனி ஓடாது. மறுபடியும் வெறும் வயிறு, மறுபடியும் மருந்து, மறுபடியும் ஸ்கேன்.

பள்ளிப்பட்டு அம்மா ஒருவருக்கு டிஸ்க் இருந்தது. படங்கள் ஒட்டவில்லை. ஒரே ரத்தக்குழாய் திரையில் இரண்டு இடங்களில், விரல் அகலம் தள்ளி. ஸ்கேனில் அவர் மூச்சை இழுத்து வயிற்றை உப்பியிருக்கிறார். ஊசி மேசையில் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுகிறார். மூச்சோடு ஈரலும் நகரும். சார் கையுறையைக் கழற்றினார். "போன வாரத்து ஈரலப் பாத்துகினு இன்னிக்கு ஈரல்ல குத்த மாட்டேன்."

வெளியே மகன் கத்தினான். "காலைலேர்ந்து பச்சத் தண்ணி இல்லாம கெடக்குது எங்கம்மா. மிஷின் இருக்குதுன்னுதான வரச் சொன்னீங்க?"

"மிஷின் இருக்குது நைனா. மூச்சுதான் நிக்கல."

அன்றே சார் ஸ்கேன் இயந்திரத்தின் ஆங்கிலக் குரலை எடுத்துவிட்டு, தமிழிலும் தெலுங்கிலும் தானே பேசிப் பதிந்தார். இழுக்கச் சொன்னால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவு இழுப்பார்கள். தானாக விட்டு நிற்கும் இடம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் என்பார். ஊசி போடும்போதும் அதே சொற்களையே சொல்வார். மின்விசிறியை நிறுத்திப் பதிந்தும், அரக்கோணம் பேருந்தின் ஹாரன் உள்ளே வந்துவிட்டது. "ரிப்போர்ட்ல ஹாரன் வராதும்மா, விடு."

அவர் போன பிறகு மேனேஜர் அழிக்கச் சொன்னார். "செத்தவரு குரல்னு ஜனங்க பயப்படறாங்கம்மா. பழைய இங்கிலீஷையே போட்டுடு." சொன்ன அன்றே அந்தக் குரலைக் கைப்பேசியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

போன வாரம் முனிரத்தினம் வந்தார். ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி ஓட்டுபவர். சார் இருந்தபோது ஸ்கேன் எடுத்து ஊசிக்கு நாள் குறித்தது. கட்டி இன்னும் சிறியது. வளர்ந்துவிட்டால் சுட முடியாது. சென்னையிலிருந்து வந்த புது மருத்துவரிடம் மூச்சைப் பற்றி முன்பே சொன்னேன். "பாத்துக்கலாம் மேடம்" என்றார். படங்களைத் திரையில் ஏற்றிக் கொடுக்க நானும் ஊசி மேசையருகே நின்றேன். முனிரத்தினத்திடம் "நல்லா இழுத்துப் பிடிங்க" என்றார். படங்கள் விலகின. மறுபடி இழுக்கச் சொன்னார். மறுபடி விலகின. இன்னொரு நாள் பார்க்கலாம் என்று கையுறையில் கை வைத்தார்.

மேசையிலிருந்து முனிரத்தினம் கேட்டார்: "ஸ்கேன்ல வுடச் சொன்னாங்க. நீங்க இழுக்கச் சொல்றீங்க. நான் எதத்தான் செய்யறது?"

யாரையும் கேட்காமல் சாரின் குரலைக் கைப்பேசியில் போட்டேன். மூச்சை விடுங்க. ஹாரன். அப்படியே நிறுத்துங்க. முனிரத்தினத்தின் வயிறு அடங்கியது. திரையில் இரண்டு படத்து ரத்தக்குழாய்களும் ஒன்றின் மேல் ஒன்று வந்து நின்றன. புது மருத்துவர் ஊசியை எடுத்தார்.

என்னிடம் அவருடையது என்று இருப்பது ஒரு வரிசை. முதலில் விடுவது, பிறகு நிறுத்துவது. அதை அவர் தொண்டை வற்ற எங்களிடம் சொன்னபோதே கேட்டிருக்கலாம், எல்லோரும்.

ஸ்கேன் அறைக்குத் திரும்பினேன். குரல் இருக்கட்டும் என்று மேனேஜருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, அடுத்தவரை மேசையில் படுக்க வைத்தேன்.