ஒன்பது அடி நாலு அங்குலம்

எங்கள் பல்கலைக்கழகத்துக் கூடைப்பந்து அணியின் வரலாறு முழுவதும் ஒரே ஒரு பதிவேட்டில் அடங்கியிருந்தது. உடற்கல்வித் துறை அறையில், காற்றடிக்கும் பம்புக்கும் கிழிந்த வலைக்கும் நடுவில் அது கிடக்கும். ஆண்டு, இடம், எதிரணி, முடிவு என்று நான்கு பத்திகள். முதல் மூன்றிலும் கையெழுத்தும் விவரமும் மாறிக்கொண்டே வரும். நான்காவதில் மட்டும் யார் எழுதினாலும் ஒரே சொல்தான்: தோல்வி. சில வருடங்களில் அதை எழுதவும் சலித்துப்போய் 'மேற்படி' என்று போட்டிருந்தார்கள்.

நான் அங்கே எம்.ஏ. சேர்ந்தது தொண்ணூறுகளின் நடுவில். திண்டுக்கல்லில் சாணார்பட்டி பஸ் ஏறினால் வலது பக்கம் சிறுமலை கூடவே வரும். மலை நன்றாகக் கிட்டே வந்ததும் இறங்கிக்கொள்ள வேண்டும். கட்டடங்களைவிட வேப்பமரங்கள் அதிகம் இருந்த வளாகம். அணியில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ஊர்தான் பெயர். ஆறடி மூன்று அங்குலம் வளர்ந்திருந்தவன் சாணார்பட்டி. இருப்பதிலேயே குட்டை, ஆனால் இருப்பதிலேயே வேகம், பேகம்பூர். அவன் வீட்டில் தோல் மண்டி வைத்திருந்தார்கள். பழனிப் பக்கமிருந்து போன நான் ஆயக்குடி.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலேயே நிற்கும். ஆனால் எங்கள் பக்கத்துப் பேச்சில் எவ்வளவு கோபம் வந்தாலும் மரியாதை மட்டும் போகாது. ஒருமுறை எதிரணி ஆள் ஒருவனிடம், "இன்னொருக்கா இடிச்சீங்கன்னா மிதிச்சுப்போடுவனுங்க" என்று சொல்லிவிட்டேன். அதை நாலு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். இரண்டாம் வருடம் என்னைக் கேப்டன் ஆக்கியதற்கு என் ஆட்டம் காரணமில்லை. கத்துவதற்கு வேறு ஆள் கிடையாது, அவ்வளவுதான்.

எங்கள் பி.டி. சார் கபடிக்காரர். கூடைப்பந்து அவருக்கு விதிப்புத்தகத்தில் படித்த ஆட்டம். இருந்தாலும் காலை ஐந்தரைக்கு விசிலோடு வந்து நின்றுவிடுவார். நான் கேப்டனான அந்த ஜூன் மாதம் எங்களை வரிசையாக நிறுத்திவைத்துச் சொன்னார்:

"ஏலே, பதிவாளர் கூப்புட்டுச் சொல்லிட்டாரு. இந்த வருசம் மண்டலப் போட்டியில ஒரு மேட்சாவது ஜெயிக்கணும். இல்லேன்னா அடுத்த வருசம் பாஸ்கட்பால் டீமே கெடையாது. இந்த எடத்துல கபடிக்கு இன்னொரு களம் போட்டுருவாங்களாம்."

கபடிக்கு லாபமான செய்தியை ஒரு கபடிக்காரர் இழவு சொல்வதுபோலச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அன்றைக்கே முடிவு செய்தோம், ஒரு மேட்ச் ஜெயித்தே தீருவது என்று.

எங்களுக்கு இருந்த பெரிய தொல்லை மைதானம். மண் தரை, அதுவும் பள்ளம். ஒரு மழை பெய்தால் நாலு நாளைக்குத் தண்ணீர் நிற்கும், தவளைகள் ஆடும், நாங்கள் வேடிக்கை பார்ப்போம். அந்தச் சமயம் பக்கத்தில் புது விடுதிக்கு அஸ்திவாரம் தோண்டி மண்ணை மலையாகக் குவித்திருந்தார்கள். அதை அள்ளிப்போட்டுத் தரையை உயர்த்தி மேலே சிமென்ட் பூசினால் என்ன என்று கேட்டது சாட்சாத் நான்தான். மனு எழுதினேன். அனுமதியும் வந்தது.

ஆறு ஞாயிற்றுக்கிழமை மண் சுமந்தோம். விடுதி வேலைக்கு வந்திருந்த கொத்தனார் மட்டம் பார்த்துத் தளம் போட்டார், நாங்கள் பன்னிரண்டு பேரும் அவருக்குச் சித்தாள். தண்ணீர் தேங்கவே கூடாது என்று நான் பக்கத்திலேயே நின்று, "இன்னுஞ் செத்த ஏத்திப் போடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கொஞ்சம் என்பதை எங்கள் ஊரில் சித்தே என்போம். அந்தச் 'செத்த' நான் திண்டுக்கல்லில் கற்றுக்கொண்டது. கொத்தனாரும் செத்த செத்தயாக ஏற்றிக்கொண்டே போனார். தளம் காய்ந்த அன்று அதில் படுத்து உருண்டான் சாணார்பட்டி. எனக்கோ தலைகால் புரியவில்லை.

அதற்குப் பிறகுதான் அதிசயம் நடந்தது. எல்லோரும் உயரமாகத் துள்ள ஆரம்பித்தோம். வலையின் நுனியைத் தொடவே திணறிய நான் இப்போது வளையத்தைத் தட்டினேன். சாணார்பட்டி ஒரு நாள் ஓடிவந்து எம்பி, பந்தை மேலிருந்து அப்படியே வளையத்துக்குள் செருகினான். அது டி.வி.யில் மட்டும் நாங்கள் பார்த்திருந்த காரியம். பி.டி. சாரின் வாயிலிருந்து விசில் விழுந்துவிட்டது.

இதற்கு என்ன காரணம் என்று யோசித்து, கொய்யாப்பழம் என்று அவர் கண்டுபிடித்தார். வாரம் ஒருமுறை ஊருக்குப் போய் வரும்போது எங்கள் தோட்டத்துக் கொய்யா ஒரு பை நிறையக் கொண்டுவருவேன். எல்லோரும் தின்பார்கள். "அம்புட்டும் விட்டமினுடா" என்று சொல்லி, பைக்குப் பதில் சாக்கு நிறையக் கொண்டுவரச் சொன்னார். நானும் நம்பினேன். என் அப்பாவிடம், நம் கொய்யாவால்தான் ஒரு பல்கலைக்கழகமே எம்பிக் குதிக்கிறது என்றேன். அவர் இன்னும் ஒரு கூடை சேர்த்துப் பறித்துக் கொடுத்தார்.

ஊர்க்கிளப் அணிகள், பக்கத்துக் கல்லூரி அணிகள் எல்லாம் வந்து எங்கள் மைதானத்தில் ஆடித் தோற்றுப்போனார்கள். அவர்கள் எறிகிற பந்தெல்லாம் வளையத்தைத் தாண்டிப்போய்ப் பலகையில் மோதித் திரும்பும். எங்களைப் பார்த்துப் பயந்து கை நடுங்குகிறது என்று பேசிக்கொண்டோம். போட்டிக்குக் கிளம்பும்போது எனக்குத் துளியும் பயமில்லை. ஒன்று என்ன, மூன்று மேட்ச் ஜெயிப்போம் என்று நினைத்தேன்.

போட்டி திருச்சியில். தோற்றால் அன்றே மூட்டை கட்ட வேண்டிய போட்டி. ஆட்டத்துக்கு முன்பு எறிந்து பார்த்தபோதே பந்து எதுவும் விழவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த அலுப்பு என்று விட்டுவிட்டோம். ஆட்டம் தொடங்கியது. நான் எறிந்த முதல் பந்து வளையத்தின் முன்விளிம்பில் இடித்து என் கைக்கே திரும்பி வந்தது. பேகம்பூர் எறிந்தான், அதே கதை. சாணார்பட்டி செருகுவதற்கென்று கம்பீரமாக எம்பினான், வளையத்தில் பந்தை மோதி, மல்லாந்து விழுந்தான். மக்கள் ஓவென்று சிரித்தார்கள். பாதி ஆட்டம் முடிந்தபோது எதிரணி முப்பத்து நாலு, நாங்கள் ஏழு.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நேராக நடுவரிடம் போனேன்.

"ஏனுங்க, உங்க ரிங்கு ஒசரமா இருக்குதுங்க. அளந்து பாருங்க. இதெல்லாம் நல்லால்லீங்க."

நடுவர் வயதானவர். என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார். நான் விடவில்லை. அளக்காவிட்டால் ஆட மாட்டோம் என்று களத்தின் நடுவிலேயே நின்றுகொண்டேன். கடைசியில் ஏணி வந்தது, டேப் வந்தது. மேலே ஒருவர் பிடிக்க, கீழே நடுவர் குனிந்து பார்த்தார். "பத்தடி. நூல் பிடிச்சாப்ல பத்தடி" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் காது சுடுகிறது.

திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். பேகம்பூர் தரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டான்.

"ஆயக்குடி, நாம கிரவுண்டத்தானலே ஒசத்துனோம்?"

"ஆமா, அதுக்கென்ன?"

"கம்பத்த ஒசத்தலையே."

பி.டி. சார் கையில் வைத்திருந்த கொய்யாப்பழத்தைப் பார்த்தார். பிறகு அதைப் பையில் போட்டுக்கொண்டார். கூடம் கோணல்தான். ஆனால் அது எங்கள் கூடம், கோணலாக்கியவன் நான்.

பேகம்பூருக்குத்தான் முதலில் தெளிந்தது. "செத்துப் போயிட்டோமா என்ன? எல்லாரும் பலகையில இருக்கிற கட்டத்துக்கு மேல பாத்து எறிங்கலே" என்றான். இரண்டாம் பாதியில் அப்படியே எறிந்தோம். கை பழகப் பழகப் பந்து விழ ஆரம்பித்தது. அந்தப் பாதியில் மட்டும் நாங்கள் முப்பத்து மூன்று, அவர்கள் முப்பத்தொன்று. ஆனால் மேட்சை முழுசாகத்தானே கணக்கில் எடுப்பார்கள். தோற்றோம். சிரித்த மக்கள் கடைசியில் கை தட்டினார்கள், எனக்கு அது எதுவும் ஏறவில்லை. இத்தனை வருடமாக இருந்த அணியை நானே மண் போட்டு மூடிவிட்டேன் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது.

மறுநாள் எங்கள் மைதானத்தில் அளந்தோம். ஒன்பது அடி நாலு அங்குலம். பி.டி. சார் பதிவேட்டைத் திறந்தார். நான்காவது பத்தியில் 'தோல்வி' என்று எழுதி, செத்த யோசித்து, பக்கத்தில் பொடி எழுத்தில் 'இரண்டாம் பாதியில் வெற்றி' என்று சேர்த்தார். பிறகு, "வா, பதிவாளரப் பாப்போம். நீயே சொல்லு" என்றார்.

சொன்னேன். மனு எழுதியதிலிருந்து ஏணி போட்டு அளந்தது வரை ஒன்று விடாமல், என் தப்புதான் என்று சொன்னேன். வெட்கமாக இருந்தது, நிறுத்த முடியவில்லை. பதிவாளர் சிரிக்காத மனிதர். எழுந்து குடையை எடுத்துக்கொண்டு வெயிலில் எங்களோடு மைதானத்துக்கு நடந்து வந்தார். டேப்பைத் தானே வாங்கி, சாணார்பட்டியை நாற்காலி மேல் ஏற்றி, கீழ்முனையைத் தானே குனிந்து பிடித்து அளந்தார். நிமிர்ந்து தளத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஆக, தோத்தது டீம் இல்ல, கொத்தனாரு" என்றார்.

பிறகு பி.டி. சாரிடம், "அடுத்த வருசமும் போகட்டும். மொதல்ல கம்பத்தச் சரி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வந்த வழியே போய்விட்டார். சாணார்பட்டி நாற்காலியிலிருந்தே குதித்தான். பி.டி. சார் என் தோளைப் பிடித்து உலுக்கினார். கபடிக்காரரின் பிடி, இரண்டு நாள் வலித்தது.

வாரக் கடைசியில் திண்டுக்கல்லிலிருந்து வெல்டர் வந்தார். இரண்டு கம்பத்தையும் அறுத்து, நடுவில் எட்டு அங்குலத் துண்டு வைத்து ஒட்டினார். என் படிப்பு ஏப்ரலில் முடிந்தது. முடிகிறவரை தினமும் பத்தடியில் எறிந்து பழகினேன், இனி எந்த மேட்சும் இல்லை என்று தெரிந்தும்.

அடுத்த வருடம் ஆயக்குடிக்கு ஒரு கார்டு வந்தது, பேகம்பூர் எழுதியது. முதல் மேட்ச் ஜெயித்தோம், இரண்டாவதில் தோற்றோம், பி.டி. சார் 'வெற்றி' என்பதைச் சிவப்பு மையில் எழுதினார், கொய்யா அனுப்பவும். இவ்வளவுதான். தோட்டத்து மேட்டில் நின்று நாலைந்து தடவை படித்தேன். சந்தோஷமாக இருந்தது. நான் இல்லாமல் ஜெயித்துவிட்டார்களே என்று கொஞ்சம் வயிறும் எரிந்தது. இரண்டும் உண்மை. அன்று சாயங்காலமே ஒரு கூடை கொய்யாவைப் பஸ்ஸில் போட்டு அனுப்பினேன்.

அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் அந்தப் பக்கம் போகவில்லை. தொலைந்துபோன ஒரு சான்றிதழுக்கு நகல் வாங்கப் போக வேண்டி வந்தது. ஜூன் மாதம். எனக்குத் தொப்பை விழுந்திருந்தது, சட்டைப்பையில் செல்போன். விடுதிக்கு மேல் இரண்டு மாடி ஏற்றியிருந்தார்கள். எங்கள் தளம் அங்கங்கே வெடித்திருந்தாலும் தண்ணீர் தேங்கிய அடையாளம் எங்கும் இல்லை. கம்பத்தில் வெல்டிங் தழும்பு பெயின்ட்டையும் மீறித் தெரிந்தது.

அணி முழுக்க வளையத்தின் அடியில் கூடி நின்றது. கேப்டன் ஏணியில் நின்றுகொண்டிருந்தார், கையில் டேப். கீழ்முனையைப் பிடித்திருந்தவன் அதை வளைத்து வளைத்துப் பிடித்தான். கேப்டனுக்குப் பொறுமை போய்விட்டது.

"சார், நீங்க செத்த அந்த முனையப் பிடிங்க சார். நேரா."

குனிந்து பிடித்தேன். எதற்கு அளக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"இது எங்க டீம் வழக்கம் சார். புதுக் கேப்டன் மொத நாளு ஏறி அளக்கணும். அளந்தப்புறந்தான் பந்தத் தொடணும். முன்னாடி ஒரு கிறுக்குக் கேப்டன் இருந்தானாம். கிரவுண்ட இம்புட்டு ஒசத்திப்புட்டு, திருச்சியில போயி 'ஏனுங்க, உங்க ரிங்கு ஒசரமா இருக்குதுங்க'ன்னு மறிச்சிக்கிட்டு நின்னானாம்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வழக்கம்போல் கோபம் மூக்கு வரைக்கும் வந்தது. 'கிறுக்கு' என்று சொன்னது யாரை என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. முட்டி போட்டு உட்கார்ந்து, டேப்பின் முனையைத் தளத்தோடு சேர்த்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தேன்.

"ஏனுங்க, பத்தடி இருக்குதுங்களா?" என்றேன்.

சிரிப்பு நின்றது. ஏணியிலிருந்தவர் என்னைக் குனிந்து ஒரு தடவை பார்த்தார். பிறகு டேப்பைப் பார்த்தார்.

"சரியாப் பத்தடிங்க, அண்ணே" என்றார்.