பனியில் ஒரு அவுட்

விளையாட்டையும் இறைப்பணியையும் சேர்த்துப் படிக்க ஒரு முதுகலைப் படிப்பு இருக்கிறது. சிரிக்க வேண்டாம், நான் படித்தேன். செய்முறைப் பயிற்சிக்காக வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கிரிக்கெட் அணிக்கு ஆன்மிகத் துணையாகப் போனேன். பதினொரு பேரும் இந்துக்கள். மாரியம்மனுக்குச் சூடம் கொளுத்திவிட்டு வந்து, என் ஜெபத்துக்கும் தொப்பியைக் கழற்றி நிற்பார்கள். அதற்குமேல் அவர்களுக்கு நான் தேவைப்படவில்லை.

இறுதி ஆட்டத்தில், "பாஸ்டர் பொய் சொல்ல மாட்டாரு" என்று இரண்டு அணியும் என்னை அம்பயராக்கின. நடுவில் பனி இறங்கியது. எங்கள் கேப்டனின் மட்டையில் பந்து பட்டதா என்று தெரியவில்லை. பந்தைப் பிடித்தவர்கள் கத்தினார்கள், என் விரல் உயர்ந்துவிட்டது. தோற்றோம்.

மறுநாள் காலை, வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகிற வழியில் கேப்டன் என் அறைக்கு வந்தார்.

"உண்மையச் சொல்லுங்க பாஸ்டர், பந்து தெரிஞ்சிச்சா?"

"தெரியலைங்க."

வாசற்படியில் இறங்கித் திரும்பினார்.

"சரி விடுங்க, மன்னிச்சிட்டேன்."

கல்லூரிக்குத் தரவேண்டிய பயிற்சி அறிக்கையில், மன்னிப்பு தொடர்பான சந்திப்புகள் எத்தனை என்று ஒரு கேள்வி இருந்தது. ஒன்று என்று எழுதினேன். யார் யாரை மன்னித்தது என்று அவர்கள் கேட்கவில்லை.